பரணிலிருந்து இறங்கிய மூன்று பொருள்கள்: எது உறுதி, எது ஊகம்

உடன்குடிப் பக்கத்துப் பாட்டி வீட்டைப் பிரித்துக் கட்டும்போது பரணில் கிடைத்தவை என்று மூன்று பொருள்களின் படங்களை இட்டு, இவை எதற்குப் பயன்பட்டவை என்று கேட்டிருக்கிறீர்கள். முதலாவது, ஏறக்குறைய ஒன்றரை அடி நீளமுள்ள இரண்டு மரக்கைகளை ஒரு முனையில் துளையிட்டு நாரால் பிணைத்திருக்கும் இடுக்கி போன்ற கருவி. அடுத்தது, உள்ளங்கைக்குள் அடங்கும், மூக்கு நீண்ட பித்தளைக் கிண்ணம். கடைசியாக, பானையோட்டை உரசி வட்டமாக்கி நடுவில் துளையிட்ட சிறு சில்லு. அது பரணில் ஒரு டப்பாவில் கிடந்தாலும், தாத்தா தோட்டத்தில் எடுத்தது என்று வீட்டில் சொல்வதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். மரக்கருவிக்கு மட்டுமே இதுவரை நான்கு விளக்கங்கள் வந்துவிட்டன: மருத்துவச்சியின் பேறுகாலக் கருவி, முந்திரிக்கொட்டை உடைப்பது, வளரி என்னும் எறிகருவியின் பாதி, பழைய காலத் தண்டனைக் கருவி. 'ஆளுக்கொன்று சொல்கிறார்கள், யாரை நம்புவது?' என்று நீங்கள் இறுதியில் சேர்த்திருக்கும் வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. பெயரைச் சொல்லிவிடுவது எளிது. அந்தப் பெயரை எந்த அளவுக்கு நம்பலாம் என்று சொல்வதுதான் கடினம். நாட்டுப்புறப் புழங்குபொருள்களை ஆவணப்படுத்தும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பொருள்களை நான் கையில் எடுத்துப் பார்க்கவில்லை, படங்களை மட்டுமே பார்த்தேன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மரக்கருவியைப் பற்றி எனக்கு ஏறக்குறைய ஐயமே இல்லை. அது பனையேறிகள் பாளையை நசுக்கப் பயன்படுத்தும் கடிப்பு; சில ஊர்களில் இடுக்கி என்றே சொல்வார்கள். பதநீர் இறக்குவது என்றால் பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டிவிட்டு வருவது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். சீவியவுடன் பாளை சுரந்துவிடாது. முதலில் பாளையின் மேல்மடலை நீக்கி, உள்ளிருக்கும் கதிர்களை ஓலை நாரால் சேர்த்துக் கட்டி, அவற்றைக் கடிப்பின் இரண்டு கைகளுக்கும் நடுவில் கொடுத்து அடியிலிருந்து நுனி வரை மெதுவாக அழுத்திக்கொண்டே வரவேண்டும். இதைச் சில நாள் தொடர்ந்து செய்தால்தான் உள்ளே இருக்கும் திசு நெகிழ்ந்து சாறு நுனியை நோக்கி வரத் தொடங்கும். அதன் பிறகுதான் பாளை அரிவாளால் நுனியை மெல்லிதாகச் சீவுவதும், உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவதும் நடக்கும். இந்த வேலையின் சூட்சுமம் அழுத்தத்தின் அளவில் இருக்கிறது. குறைவாக அழுத்தினால் பாளை சுரக்காது. அதிகமாக அழுத்தினால் மேல்தோல் வெடித்துப் பாளையே அழுகிப்போகும். ஆண் பனையின் கதிருக்கும் பெண் பனையின் குலைக்கும் ஒரே அழுத்தம் ஆகாது என்பதால் இரண்டுக்கும் தனித்தனிக் கடிப்பு வைத்திருப்பதும் உண்டு. உங்களுடையது அவற்றில் எது என்று படத்தை மட்டும் வைத்து என்னால் சொல்ல இயலாது.

பெயர் தெரிந்ததால் மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. மரக்கருவியைக் காட்டும் உங்கள் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கைகளின் வெளிப்புறத்தில் உளியின் தடம் இன்னும் தெரிகிறது. உட்புறம் மட்டும் மெழுகு பூசியதுபோல வழவழப்பாகவும் கறுப்பாகவும் இருக்கிறது. அந்த வழவழப்பும் ஓரிடத்தில் குவியாமல், நார்க்கட்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளித் தொடங்கிக் கையின் பாதி நீளத்துக்கு ஒரே சீராகப் பரவியிருக்கிறது. கடினமான ஒன்றை உடைக்கும் கருவியில் தேய்மானம் இப்படி வராது. கொட்டை உடைப்பதற்கு விசை அதிகம் வேண்டும் என்பதால் கொட்டையை இணைப்புக்கு மிக அருகில்தான் வைப்பார்கள். அந்த இடத்தில் மரம் குழிந்து பள்ளம் விழுந்திருக்கும். அடுப்பங்கரை இடுக்கியாக இருந்திருந்தால் நுனி கருகியிருக்கும். தண்டனைக் கருவி என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. தெரியாத பொருள் எதைக் கண்டாலும் ஒன்று சித்திரவதை, இல்லாவிட்டால் பூசை என்று சொல்லிவிடும் பழக்கம் உலகெங்கும் இருக்கிறது, அருங்காட்சியகங்களிலும் இருக்கிறது. பேறுகால இடுக்கிகள், இரு கைகளும் குழந்தையின் தலைக்கு இடம்விட்டு வளைந்து, நடுவில் ஒன்றையொன்று குறுக்கே கடந்து பூட்டிக்கொள்ளும் உலோகக் கருவிகள். நாரால் கட்டிய நேர்க்கைகளுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

வளரி என்று சொன்னவருக்கு ஒரு வார்த்தை. வளரி உண்மையானது, சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் வேட்டைக்கும் போருக்கும் பயன்பட்ட எறிகருவி. சின்ன மருது தமக்கு அதை எறியக் கற்றுக்கொடுத்ததாக ஆங்கிலேயப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஆனால் எறிந்தால் சுழன்று செல்லவேண்டிய கருவிக்கு ஒரு முனை கனத்தும் மறுமுனை பிடிக்க ஏற்றதாக மெலிந்தும் இருக்கவேண்டும். உங்கள் மரக்கைகள் ஒரே பருமனாக இருக்கின்றன; மரம் காய்ந்ததில் ஒன்று சற்றே வளைந்திருக்கிறது, அவ்வளவுதான். அண்மைக் காலத்தில் வளரிக்குக் கிடைத்திருக்கும் புகழால், வளைந்த கட்டை எல்லாமே வளரியாகிவிடுகிறது. பெருமைப்பட வேண்டிய ஒரு கருவிக்கு இது நல்லதல்ல.

ஐயம் எங்கே இருக்கிறது என்றால், அந்தக் கருவி உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதில் இருக்கிறது. தாத்தா மளிகைக் கடை வைத்திருந்தார், குடும்பத்தில் யாரும் பனை ஏறியதில்லை, ஆகவே இது பனைத்தொழிற் கருவியாக இருக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். பொருள் கிடைத்த வீடும் பொருள் பயன்பட்ட இடமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. கருப்பட்டிக்குப் பெயர்போன ஊர்ப்பக்கத்தில் கடை வைத்திருந்தவரிடம் பனையேறிகள் கணக்கு வைத்துச் சாமான் வாங்குவதும், பருவத்தில் கருப்பட்டியாகக் கொடுத்துக் கழிப்பதும் நடந்திருக்கக்கூடும். பருவம் முடிந்ததும் கருவிகளைத் தெரிந்தவர் வீட்டுப் பரணில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். தாத்தாவுக்குச் சொந்தமான மரங்களைக் குத்தகைக்கு ஏறியவர் விட்டுச் சென்றிருக்கலாம். இவை எல்லாம் என் ஊகங்கள். கருவியின் பயன் ஏறக்குறைய உறுதி, அது வந்த வழி தெரியாது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும். பரணில் அதோடு சேர்ந்து வேறு என்ன கிடந்தது என்று யோசித்துப் பாருங்கள். கால்களைப் பிணைத்துக்கொள்ளும் தளைநார், மரத்தில் சாய்த்துக் கால் வைத்து ஏறும் முருக்குத்தடி, இடுப்பில் கட்டும் அரிவாள்பெட்டி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வழக்கு முடிந்தது. வேண்டாத குப்பை என்று அவற்றை எரித்துவிடாமல் இருந்தீர்கள் என்றால் நல்லது.

பித்தளைக் கிண்ணத்துக்கு வந்தால் அதே உறுதியோடு என்னால் பேச முடியாது. இது குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் கைவிளக்கும் ஏறக்குறைய இதே வடிவில் வரும். கோயிலிலும் வீட்டிலும் எரியும் விளக்குக்கு எண்ணெய் விடும் மூக்குக் கரண்டியும் இதிலிருந்து அதிகம் மாறுபடாது. மூன்றிலும் ஒரு சிறு குழிவும் ஒரு மூக்கும் இருக்கும். வேறுபாடு மூக்கின் நுனியில்தான் இருக்கிறது. குழந்தையின் வாயில் படும் பாலாடைக்கு நுனி மழுங்கி, விளிம்பு உருண்டு, உதட்டை அறுக்காமல் இருக்கவேண்டும். பால் நூலாக ஒழுகும்படி வாய்க்கால் ஒடுங்கியிருக்கவேண்டும். விளக்கின் மூக்குக்குத் திரி கிடக்க அகலம் தேவை, அதன் விளிம்பு எப்படி இருந்தாலும் யாருக்கும் வலிக்கப்போவதில்லை. விளக்கைத் தரையில் வைத்தால் அசையாமல் நிற்கவேண்டும், ஆகவே அடி தட்டையாகவோ பீடத்தோடோ இருக்கும். பாலாடை கையிலேயே இருப்பது என்பதால் அடி உருண்டிருந்தாலும் பாதகமில்லை. உங்கள் படத்தில் அடிப்பாகம் தெரியவில்லை. கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய நூலாக, சொட்டாமல், நீங்கள் நிறுத்தும்போது நிற்கும்படி விழுந்தால் என் கணிப்பு வலுப்பெறும். பாலாடை வழக்கொழிந்த பொருளும் அல்ல. எடை குறைவாகப் பிறந்து உறிஞ்சத் தெம்பில்லாத குழந்தைகளுக்கு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் இன்றும் பாலாடையில்தான் ஊட்டுகிறார்கள். அங்கே பணிபுரியும் செவிலியர் ஒருவரிடம் காட்டினால் என்னைவிட அவர் நன்றாகச் சொல்லக்கூடும்.

விளக்காக இருந்தால் கரி படிந்திருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். படிந்திருக்கும், ஆனால் நம் வீடுகளில் பித்தளைக்குத் தப்ப வழியில்லை. பொங்கலுக்கொரு முறை, கார்த்திகைக்கொரு முறை புளி போட்டுத் துலக்கித் துலக்கி, கரியோடு மற்ற தடயங்களும் போயிருக்கும். நீங்களும் படம் எடுப்பதற்கு முன் துலக்கியிருப்பது பளபளப்பிலேயே தெரிகிறது. இனிமேல் பழைய பொருள் எது கிடைத்தாலும் முதலில் அழுக்கோடு படம் எடுங்கள். அழுக்குதான் பல வேளைகளில் ஒரே சாட்சி. உதாரணத்துக்கு, சிமிழ் ஒன்று கிடைத்து அதனுள் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தால், அதில் ஊசிமுனையளவு சுரண்டித் தனியே ஒரு தட்டில் வைத்து எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் பழைய சுண்ணாம்பு என்று கொள்ளலாம், சிமிழும் வெற்றிலைப் பெட்டியில் இருந்த சுண்ணாம்புக் கரண்டகமாக இருக்க வாய்ப்புண்டு. சாற்றைப் பொருளின் மீதே விட்டுவிடக்கூடாது, உலோகத்தை அரித்துவிடும். மஞ்சளைத் தொட்டுச் சிவக்கிறதா என்று பார்க்கும் வழி புதுச் சுண்ணாம்புக்குத்தான் பொருந்தும். ஆண்டுக்கணக்கில் காற்றுப் பட்ட சுண்ணாம்பு தன் காரத்தை இழந்துவிடுவதால் அது சிவக்கவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

சில்லைப் பற்றி என்னால் மிகக் குறைவாகவே சொல்ல முடியும். அது உடைந்த பானையோட்டிலிருந்து செய்யப்பட்டது என்பது உறுதி. விளிம்பில் ஓட்டின் அடுக்குகள் தெரிகின்றன. நூல் நூற்கும் தக்களியின் சக்கரம், பொம்மை வண்டியின் சக்கரம், வலையில் கட்டும் குண்டு, குழந்தைகள் கயிறு கோத்துச் சுழற்றும் விளையாட்டுப் பொருள் ஆகிய நான்கும் இந்த வடிவத்துக்குப் பொருந்தும். கீழடி உட்பட நம் அகழாய்வுகளில் வட்டச் சில்லுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அறிக்கைகளில் அவற்றை விளையாட்டுச் சில்லு என்று பட்டியலிடுவது வழக்கம். துளையில்லாத பலவற்றுக்கு அது பொருந்தும் என்றாலும், சில பானைமூடிகளாகவோ எண்ணுகாய்களாகவோ இருந்திருக்கலாம் என்ற ஐயம் எனக்கு எப்போதும் உண்டு. துளையுள்ளவற்றில் துளையைத்தான் உற்றுப் பார்க்கவேண்டும். தக்களிச் சக்கரமாக இருந்தால் துளை சரியாக நடுவில் இருந்தாகவேண்டும், விலகியிருந்தால் தக்களி தள்ளாடும். வலைக்குண்டாக இருந்தால் கயிறு இழுத்த பக்கம் மட்டும் துளையின் வாய் தேய்ந்திருக்கும். உங்கள் படத்தில் துளை சற்று விலகியிருப்பதுபோல் தோன்றுகிறது, ஆனால் படம் சாய்வாக எடுக்கப்பட்டதால் அது கோணத்தின் மயக்கமாகவும் இருக்கலாம்.

கொற்கையும் ஆதிச்சநல்லூரும் உள்ள மாவட்டம் ஆயிற்றே, இது ஈராயிரம் ஆண்டுப் பழமையானதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடு, உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாகச் சுட்ட பழங்காலக் கறுப்பு-சிவப்பு வகையாக இருந்தால் ஓடு பழையது என்று சொல்லலாம். சில்லு பழையது என்று சொல்ல முடியாது. சென்ற தலைமுறைச் சிறுவன் ஒருவன் பழைய ஓட்டை எடுத்துத் திண்ணையில் உரசி வட்டமாக்கியிருக்கலாம். மண்ணடுக்கிலிருந்து முறையாக எடுக்கப்படாத இப்படிப்பட்ட ஒற்றைச் சில்லு எப்போது செய்யப்பட்டது என்று உறுதியாகச் சொல்ல எவராலும் இயலாது, அப்படிச் சொல்பவரை நம்பவேண்டாம்.

ஒற்றைப் பொருள் ஊமையாக இருக்கும், பல சேர்ந்தால் பேசும் என்பதற்குச் சிந்துவெளியின் கல் கனசதுரங்களைச் சொல்லலாம். ஒன்றை மட்டும் கையில் எடுத்தால் பகடைக்குச் செதுக்கி முடிக்காத கல் என்றுகூடச் சொல்லிவிடலாம். மொகஞ்சதாரோவிலும் அரப்பாவிலும் கிடைத்தவற்றை எல்லாம் நிறுத்துப் பார்த்தபோது அவை 1, 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துச் செல்வதும், மிகுதியாகக் கிடைக்கும் பதினாறாம் மடங்கு ஏறக்குறைய 13.7 கிராம் இருப்பதும் தெரிந்தது. அதன்பின் எடைக்கல் என்பதில் வாதத்துக்கே இடமில்லை. வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். பித்தளைக் குவளைகள் சில வரிசையாகக் கிடைத்தால் ஒவ்வொன்றும் எவ்வளவு தண்ணீர் கொள்கிறது என்று அளந்து பாருங்கள். ஒன்று அடுத்ததில் சரிபாதி என்று வந்தால் அவை ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி என்னும் முகத்தலளவைகள்தான், தண்ணீர் குடிக்கும் குவளைகள் அல்ல.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. ரோமானியப் பேரரசின் வடமேற்கு மாகாணங்களாக இருந்த பிரான்சு, ஜெர்மனி, பிரிட்டன் பகுதிகளில் பன்னிரண்டு ஐங்கோண முகங்கள் கொண்ட, உள்ளே வெற்றான செப்புக்கலவைப் பொருள்கள் நூற்றுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. ஒவ்வொரு முகத்திலும் வட்டத் துளை, இருபது மூலைகளிலும் குமிழ். முதலாவது பற்றிய பதிவு 1739இல், இங்கிலாந்தின் ஆஸ்டன் என்னும் ஊரிலிருந்து. 2023இல் கூட லிங்கன்ஷயரின் நார்ட்டன் டிஸ்னியில் ஒன்று முழுமையாகக் கிடைத்தது. இத்தனை கிடைத்தும் பயன் தெரியவில்லை, ஏனென்றால் அளவில் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை, உழைத்துத் தேய்ந்த தடமும் தென்படவில்லை, அக்கால எழுத்திலும் ஓவியத்திலும் குறிப்பே இல்லை. ஒன்றில் மெழுகின் தடயம் இருந்ததால் மெழுகுவத்தித் தாங்கி என்றார்கள். நில அளவைக் கருவி என்றார்கள். இணையத்தில் ஒருவர் அதே வடிவத்தைச் செய்து அதன் குமிழ்களில் நூலைச் சுற்றிக் கையுறை பின்னிக் காட்டியது மிகவும் பரவியது. அந்த வகைப் பின்னல் ரோமானியர் காலத்தில் இருந்ததற்குச் சான்றில்லை என்பது ஒருபுறம் இருக்க, ஒரு பொருளைக் கொண்டு ஒரு வேலையைச் செய்ய முடியும் என்பதால் அது அதற்காகவே செய்யப்பட்டது என்று ஆகிவிடாது. உங்களுக்கு வந்த பதில்களை எடைபோடவும் இதே அளவுகோல் போதும். உங்கள் மரக்கருவியால் முந்திரிக்கொட்டையை உடைக்க முடியும்தான். உடைத்த தடம்தான் அதில் இல்லை.

விலை பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். கடிப்புக்கும் சில்லுக்கும் சந்தை மதிப்பு என்று ஒன்று கிடையாது; பித்தளைக் கிண்ணத்துக்கு உலோகத்தின் விலையைவிடச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கலாம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, பொதுவாக நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பொருள்களே தொல்பொருளாகக் கருதப்படும், தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது. சில்லு கிடைத்த தோட்டத்தில் இன்னும் ஓடுகள் மேற்பரப்பில் தெரிந்தால், தோண்டிப் பார்க்காமல் மாநிலத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். அங்கே ஒரு வாழிடம் இருந்திருந்தால் உங்கள் மண்வெட்டி அதன் அடுக்குகளைக் கலைத்துவிடும், பிறகு யாராலும் சீர்செய்ய முடியாது.

கடிப்பை உறுதிசெய்ய உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது, ரோமானியப் பொருளை ஆராய்பவர்களுக்கு இல்லாத வாய்ப்பு. உங்கள் வட்டாரத்தில் பனையேறிகள் இன்னும் இருக்கிறார்கள். மாசி, பங்குனியில் போனால் விடிலியிலேயே, அதாவது பதநீர் காய்ச்சும் குடிசையிலேயே, பார்க்கலாம். போனால், 'இது கடிப்புதானே?' என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டவர் மனம் கோணாமல் இருக்க 'ஆமா தம்பி' என்று தலையாட்டிவிடுவார்கள், அந்தப் பதிலுக்கு மதிப்பில்லை. ஒன்றும் சொல்லாமல் கருவியைக் கையில் கொடுத்துவிட்டு, எந்தக் கையால் வாங்குகிறார், எந்த முனையைப் பிடிக்கிறார், உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பிறகு இதில் என்ன பழுது என்று கேளுங்கள். கருவியைக் கையாண்டவர்களுக்குத்தான் அதன் குறை தெரியும். நார் தளர்ந்திருக்கிறது, இந்தக் கை பிந்தி மாற்றியது, இது பெண் பனைக்கு ஆகாது என்று அவர் சொல்லத் தொடங்கினால், நான் இவ்வளவு நேரம் எழுதியதைவிட அது பெரிய சான்று. அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் மூன்று பொருள்களிலும் ஓர் அட்டையைக் கட்டி, கிடைத்த இடம், நாள், சொன்னவர், எந்த அளவுக்கு உறுதி என்று எழுதிவையுங்கள். சில்லின் அட்டையில் 'தோட்டத்தில் எடுத்தது, பயன் தெரியாது' என்று எழுதத் தயங்கவேண்டாம்.